குழாய் ஒழுகல்: தம்பி

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் வீட்டு ஒழுகலை நிறுத்திப் பிழைக்கிறவன் நான். என் வேலையைப் பற்றி யாரும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை, நூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கத்தில், வெள்ளைத் திரையில், என்னைப் பற்றி ஒரு வரி வந்தது. "குழாய் ஒழுகல்: தம்பி." அவ்வளவுதான். அரங்கமே சிரித்தது. பக்கத்தில் இருந்தவன் என் தொடையைத் தட்டி, "ஒழுகறதுக்குக்கூட ஆள் வெச்சிருக்காங்க பாருங்க சார்" என்றான். அந்த வரியை எழுதிப் போட்டது என் கூடப்பிறந்த அக்கா. ஏழு வருஷம் ஆகிறது. நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதுதான் முதலில் வந்து குறுக்கே நிற்கிறது. சரி, நிற்கட்டும்.

அக்கா என்னைவிட ஆறு வயசு மூத்தவள். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் இருபது வருஷம் எடிட்டர். கேமராக்காரர்கள் எடுத்து வருவதை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, மூன்று மணி நேரமாக்கிக் கொடுப்பாள். ஜன்னல் இல்லாத அறை, ஒரு கம்ப்யூட்டர், சுழல மறந்துபோன ஒரு சுழல் நாற்காலி. ஆயிரம் கல்யாணத்துக்கு மேல் பார்த்திருப்பாள். தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து கடைசியில் அதையும் வெட்டிவிட்டாள். இது என் நக்கல் இல்லை, அவளே சொல்லிக்கொண்டது.

ஒரு நாள் அவள் அறையில் ஏசித் தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டாள். போய்ச் சரி செய்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் இரு" என்று கம்ப்யூட்டரில் எதையோ ஓடவிட்டாள். கேமராவை அணைக்க மறந்தபோது பதிவான துண்டுகள். பெண்ணைப் பெற்ற ஒருத்தி சமையலறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். இன்னொருத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலையே பார்க்கிறாள். ஒருத்தி ஒன்றுமே செய்யவில்லை, சும்மா நிற்கிறாள். இப்படி ஒரு மணி நேரத்துக்கு இருந்தது.

"இவங்களுக்கு கேமரா ஓடறது தெரியாது. அதான் முகம் முகமா இருக்கு" என்றாள். "நான் வெட்டிப் போட்டதுதான்டா நல்லா இருக்கு. வெச்சுகிட்டதெல்லாம் வெறும் பல்லு."

அந்த வருஷம்தான், நாற்பத்து நாலு வயசில், படம் எடுக்கப் போகிறேன் என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கதையைக் கேட்டேன். டாக்டரைப் பார்க்கக் காலையில் போன புருஷனுக்காக ஒருத்தி சாயங்காலம் வரை சமையலறையில் காத்திருக்கிறாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"சண்டை இருக்கா?"

"இல்ல."

"பாட்டு?"

"இல்ல."

"புருஷனாவது வருவானா?"

"கதவு தட்டற சத்தம் கேக்கும்."

"இதை எவன் பாப்பான்?"

"நீ பாக்க வேணாம். உன் சமையலறையை மட்டும் குடு. உன் பொண்டாட்டியையும் குடு."

கையில் இருந்தது அவள் சேமிப்பு மட்டும். அதனால் முடிந்ததை எல்லாம் ஓசியில் பிடித்தாள். சமையலறை என்னுடையது. கேமரா ஸ்டுடியோவுடையது. கல்யாணங்கள் வார இறுதியில் வரும், செவ்வாய்க்கிழமை கேமரா சும்மா கிடக்கும். அதனால் செவ்வாய்தோறும் படப்பிடிப்பு. கேமராக்காரன் அதே ஸ்டுடியோ ஆள். வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளைக் குடையைத் தூக்கிக்கொண்டே அலைவதால் எல்லாரும் அவனைக் குடை என்றுதான் கூப்பிடுவார்கள். கதாநாயகி என் வீட்டுக்காரி. போட்டோ எடுக்கக் கூப்பிட்டாலே அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவள்.

கதை ஒரே நாளில் நடப்பது. எடுத்ததோ பதினாலு மாதம். அதனால் எங்கள் சமையலறையில் பதினாலு மாதமும் ஒரே நாள். காலண்டரில் ஒரே தேதி. அலமாரியில் டப்பாக்கள் நின்றது நின்றபடி. பின்கட்டில் வேறொரு அடுப்பு வைத்து அங்கே சமைத்தோம். தண்ணீர் குடிக்க உள்ளே போனால்கூட டம்ளர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு வைக்க வேண்டும். என் மகள் ஒருமுறை காலண்டரைக் கிழித்துவிட்டு, பசை வைத்து ஒட்டிவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து வரவே பயந்தாள்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் பார்க்கிறவனுக்குத் தன் வீட்டைப் பார்க்க நேரம் ஏது. முதல் செவ்வாய்க்கிழமை, மானம் போகிறதே என்று ஸ்பேனரை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைத் தொடாதே."

"ஏன்?"

"இதுவும் இந்த வீட்ல இருக்கு இல்ல?"

அன்றைக்கு என் வீட்டுக்காரியால் ஒன்றும் முடியவில்லை. அக்கா "ம்" என்றதும் கம்பம் மாதிரி நின்றாள். திரும்பு என்றால் உடம்பு முழுக்கத் திரும்பியது. "எனக்கு வராது அண்ணி, வேற யாரையாவது பாருங்க" என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அக்கா கேமராவை அணைக்கச் சொன்னாள். பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் சொல்றதைக் கேக்காதம்மா. என்னை மறந்துடு. குழாயைக் கேளு. ஆறு சொட்டு விழுந்ததும் வாசலைப் பாரு. அப்புறம் மூணு சொட்டு. அப்புறம் துணியை மடி."

அவள் கேட்டாள். ஆறாவது சொட்டுக்கு வாசலைப் பார்த்தாள். குடை கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "அக்கா, இது யாரு?" என்றான். எனக்கும் அதே கேள்விதான். பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியவன், அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் படம் முழுக்க அந்தக் குழாயை வைத்துத்தான் நடந்தது. நாலு சொட்டுக்கு உட்காரு. பத்துக்கு எழுந்திரு. இந்த சீனில் எண்ணாதே, சும்மா கேள். கதாநாயகிக்குச் சொல்லிக்கொடுத்தது பாதி அக்கா, பாதி குழாய்.

எனக்குத்தான் தலையிறக்கம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் வாசலில் பார்க்கும்போதெல்லாம், "என்ன, நல்ல குழாய்க்காரனா ஒருத்தனை அனுப்பட்டுமா?" என்பார். சிரித்துக்கொண்டே பல்லைக் கடிப்பேன்.

பதினாலாவது மாதம் இரண்டு விஷயம் ஒன்றாக வந்தது. ஸ்டுடியோ முதலாளி கடையை மூடப் போவதாகவும், மாதக் கடைசியில் கேமராவை விற்றுவிடுவதாகவும் சொல்லிவிட்டார். மிச்சம் நாலு செவ்வாய்க்கிழமை. எடுக்க வேண்டியது மூன்று சீன், கடைசிக் காட்சி உட்பட. அதை விட்டால் அக்காவுக்கு வேறு கேமரா கிடையாது, வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வழியும் கிடையாது. இது ஒன்று. இன்னொன்று என்னுடையது. அடுக்குமாடி கட்டும் ஒருவர், கட்டடம் முழுக்கக் குழாய் வேலையை எனக்குத் தரலாமா என்று பேச சனிக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.

குழாய்க்காரன் வீட்டுக் குழாய் சொட்டுவதைப் பார்த்தால் எவன் வேலை தருவான்? சனிக்கிழமை காலை, வீட்டுக்காரி கடைக்குப் போயிருந்த நேரம், பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். வாஷரை மாற்றினேன். கை சும்மா இருக்குமா, வாஷர் உட்காருகிற பித்தளை விளிம்பையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழவென்று ஆக்கினேன். பழைய வாஷரைக் குப்பையில் போட்டேன். குப்பைவண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. செவ்வாய்க்கிழமை காலை கொஞ்சம் தளர்த்திவிட்டால் தன்னால் சொட்டும் என்று நினைத்தேன், வீட்டுக்காரியிடமும் அதையே சொன்னேன். ஒழுகலை நிறுத்தத் தெரிந்தவனுக்கு ஒழுகவிடத் தெரியாதா என்ற திமிர்.

வந்தவர் வாசலிலேயே நின்று தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேலையை வேறு ஒருவனுக்குக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை தளர்த்தினேன். நூலாக ஓடியது. இறுக்கினேன். நின்றது. நடுவில் ஓர் இடமே இல்லை. அக்கா வந்து தொட்டியைப் பார்த்தாள், என் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தாள்.

"சத்தத்தை கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்ல?" என்றேன்.

"சத்தம் என்கிட்ட நிறைய இருக்கு. அவ தோளுக்குப் பின்னால சொட்டு விழறது தெரியணும். அதை எங்க போய்ப் போட?"

சரி, சொட்டாமலே முயற்சி பண்ணலாம் என்று குடை சொன்னான். வீட்டுக்காரி போய் நின்றாள். மறுபடி கம்பம். அக்கா மேஜையில் விரலால் தட்டிப் பார்த்தாள். பதிவான சத்தத்தைப் போனில் ஓடவிட்டாள். எதற்கும் அசையவில்லை. மூன்று மணி நேரம் கழித்து வீட்டுக்காரி வெளியே வந்து என் முன்னால் நின்றாள். கோபத்தில் அவள் குரல் எழும்பாது, இறங்கும்.

"பதினாலு மாசம் நான் அந்தக் குழாயோட பேசிட்டிருந்தேங்க. அதை நீங்க வாயை அடைச்சுட்டீங்க."

"ஒரு வாஷருக்கு இவ்வளவு பேச்சா?"

"ஒரு வாஷர்தானே, கொண்டாங்க அதை."

அக்கா எங்களுக்குள் வந்து நிற்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உன் கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போகிறவளை என்ன செய்ய முடியும்?

மறுநாளிலிருந்து வேலைக்குப் போன வீட்டில் எல்லாம் பழைய வாஷரைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தேய்ந்தது, வெடித்தது, பள்ளம் விழுந்தது. கேட்டவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். நல்ல வாஷரைப் போட்டுவிட்டுக் கெட்டதை யார் கேட்பார்கள்? வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பேன். பித்தளை விளிம்பிலும் அரத்தால் கீறிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குழாயை நான் வேண்டுமென்றே கெடுத்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரி தொட்டியின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

"இது?"

"இது அவசரப்படுது."

"இது?"

"இது ரெண்டு ரெண்டா விழுது. இல்ல."

அடுத்த செவ்வாயும் வீணாகப் போனது. அக்கா வந்தாள், நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள், நான் ஸ்பேனரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தாள், போனாள். குடை அன்றைக்குக் குடையைத் திறக்கவே இல்லை.

வியாழக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் கைகழுவும் குழாய்கள் பார்க்கப் போனேன். பன்னிரண்டு குழாய், பன்னிரண்டு பழைய வாஷர். அதில் ஏழாவதை மாட்டியதும் வீட்டுக்காரி கண்ணைத் திறக்கவில்லை. சொட்டு விழுந்தது. விழுந்தது. அவள் தலை மெதுவாக, யாரும் சொல்லாமல், வாசல் பக்கம் திரும்பியது.

"கையை எடுங்க" என்றாள். "தொடாதீங்க. இதுதான்."

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய சொட்டு தாமதமாகும். அதனால் கடைசி இரண்டு செவ்வாயும் நான் மாடியில் வெயிலில் நின்று, தொட்டிக்குள் சுண்ணாம்பால் போட்ட கோட்டிலிருந்து தண்ணீர் இறங்காமல் வாளியால் ஊற்றிக்கொண்டிருந்தேன். கீழே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கடைசிக் காட்சி முடிந்ததும் குடைதான் மேலே ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. "அண்ணே, போதும், ஊத்தாதீங்க" என்றான். கீழே போனேன். என் வீட்டுக்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் கேமரா விலைபோனது.

எட்டு மாதம் தன் வீட்டில் உட்கார்ந்து வெட்டினாள் அக்கா. அந்த அரங்கத்தில் காட்டினாள். சிரித்தது தலைப்பு எழுத்துக்கு மட்டும்தான். அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஓர் இருமல்கூட இல்லை. வெளியே வரும்போது என் தொடையைத் தட்டிய ஆள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனான். பிறகு நாலைந்து ஊரில் காட்டினார்கள். வீட்டுக்காரிக்கு ஒரு பட்டயம் வந்தது, அதைப் பீரோவுக்குள் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

படங்களை வாங்கி நெட்டில் ஓட்டுகிற ஒரு கம்பெனி வந்தது. நல்ல விலை சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை: பேச்சில்லாத இடங்களில் ஜனங்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், அங்கெல்லாம் பின்னணி இசை போட வேண்டும். அக்காவுக்கு அப்போது வேலை இல்லை. அடுத்த கதையை எழுதி வைத்திருந்தாள், அந்தப் பணம் வந்தால் மறு மாதமே தொடங்கியிருக்கலாம். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. அதை அவளிடமே சொன்னேன். "இருபது வருஷம் எல்லார் மேலயும் பாட்டுப் போட்டு மூடினேன், போதும்டா" என்றாள்.

போன வருஷம் அவளுக்கு நுரையீரலில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். மூச்சு இழுத்து இழுத்துத்தான் பேசுவாள், அதனால் தேவையானதை மட்டும் பேசினாள். அவள் போவதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், வீட்டுக்காரி டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாள். அக்கா என்னைக் கிட்டே வரச் சொன்னாள். தலையணையைச் சரி பண்ணச் சொல்கிறாள் என்று குனிந்தேன்.

"நான் போனதும் அந்தக் கம்பெனிக்காரன் உன்கிட்ட வருவான்" என்றாள். "விலையை ஏத்திக் கேப்பான். படத்தைக் குடு, வேணாம்னு சொல்லல. ஆனா அவ நிக்கற இடத்துல மியூசிக் போட விடாதே. ஏன்னு கேட்டா, குழாய்க்காரன் ஒத்துக்க மாட்டேங்கறான்னு சொல்லிடு."