அணிந்துரைக்காக அவன் விமானம் ஏறவேண்டுமா?

வெள்ளவத்தையில் நான் ஏறிய பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டில் இருந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு வெட்கப்பட்டுத் தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். மடியில் ஒரு புத்தகம். மஞ்சள் அட்டை, அட்டையில் பாண் விற்கிற ஒரு ஓட்டோ. அது என் மச்சாள் எழுதிய நாவல். எங்கள் குடும்பத்துக்கு வெளியே ஒருவர் அதை வாசிப்பதை நான் கண்ணால் கண்டது அதுதான் முதல் தடவை.

"நல்லா இருக்கா?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"இவனப் பாருங்களே மகள். ஊரெல்லாம் சத்தமில்லாமப் போய்ப் பாண் விக்கிறான். இந்தப் பேக்கரிக்காரிட கடைக்கு முன்னுக்கு வந்தா மட்டும் பாண் ஓட்டோப் பாட்டப் போட்டு அலற வெக்கிறான். அவவும் கோவத்துல மாவப் போட்டு அடிக்கிறா. பாவம் அந்த மா!"

"முடிவு வாசிச்சிட்டீங்களா?"

"ஒருக்கா முடிச்சிட்டன். தங்கச்சிக்கிக் குடுக்க முந்தி இன்னொருக்கா வாசிக்கிறன்."

"கடைசியில அவன் வெளிநாட்டுக்குப் போறானா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் எங்க போற? விசா வந்த கடுதாசியில சுடச்சுட ஒரு பணிஸ் சுத்தி அவட கையில குடுக்கிறானே, அதானே கத! நீங்க வேற ஏதும் புத்தகத்த நெனச்சிக் கேக்கிறீங்களா?"

அந்த இடத்தில்தான் எனக்கு அது பட்டது. இந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு மண்டபம் நிறைய ஆக்கள் கதைத்தார்கள். பத்திரிகையில் எழுதினார்கள். இப்போது அதன் முடிவையே மாற்றப் போகிறார்கள். இவ்வளவுக்குள்ளும் அதை வாசித்த ஒருவரிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! நான் கேட்டால் என்ன?

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று விளங்கவேண்டுமென்றால் வெளியீட்டு விழாவிலிருந்து சொல்லவேண்டும்.

என் மச்சாள் கொட்டாஞ்சேனையில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறவள். பல்லைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆக்களுக்கும் அவர்கள் போகிற நேரத்துக்கும் இடையில், கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் ஃபைலைத் திறந்து வைத்து எழுதியதுதான் அந்த நாவல். ஒரு சின்ன நகரம், ஒரு பஸ் நிலையம், ஒரு பேக்கரி. பேக்கரியை நடத்துகிற பெண்ணுக்கும், போட்டிக்கு ஓட்டோவில் பாண் விற்க வருகிறவனுக்கும் சண்டை, பிறகு காதல். அவ்வளவுதான். முதலில் எழுதிய வடிவத்தில் அவனுக்கு விசா வந்து அவன் போய்விடுவான். விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைப்பான். அந்த வடிவத்தைத்தான் அணிந்துரைக்குக் கொடுத்தாள். பிறகு அவளுக்கே அது பிடிக்கவில்லை. "இவன் போற ஆள் இல்லையடி, நான்தான் பிடிச்சுத் தள்ளுறன்" என்று சொல்லிக் கடைசி நாலு அத்தியாயத்தையும் புதிதாக எழுதினாள்.

அதற்குள் அணிந்துரை வந்துவிட்டது. எழுதியவர் எங்கள் வட்டாரத்தில் பெரிய திறனாய்வாளர். அவர் அணிந்துரை தந்தால்தான் புத்தகம் என்று ஒரு நம்பிக்கை. கண்ணாடிக்கு அப்பால் கரையும் கையசைப்பு, புலம்பெயர்வின் ஆறாத வடு என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். முடிவு மாறிவிட்டது என்று அவரிடம் சொல்ல ஒருத்தருக்கும் துணிவில்லை. "அது கிடக்கட்டும் பிள்ளை, அணிந்துரையை ஆர் வாசிக்கப்போறான்?" என்றார் பதிப்பாளர்.

அணிந்துரையை மட்டும்தான் எல்லோரும் வாசித்தார்கள்.

எங்கள் வெளியீட்டு விழாக்களின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முதற்பிரதி, அதற்குப் பிறகு நயவுரைகள். நயவுரை சொல்ல அழைக்கப்பட்டவர்களுக்குப் புத்தகம் ஒரு கிழமைக்கு முந்தியே போய்ச் சேர்ந்திருந்தது. முதலாவது பேச்சாளர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, "அந்த விமான நிலையக் காட்சியில் நான் கண்கலங்கிவிட்டேன்" என்றார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாமவர் எழுந்து கண்ணாடியை ஒரு குறியீடாக விரித்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாமவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "அந்த இறுதிக் காட்சியைத் தவிர இது ஒரு இலேசான நாவல். பாண், பணிஸ், பகிடி. எங்கள் சனத்தின் துயரம் எங்கே?" மண்டபம் கைதட்டியது. இல்லாத காட்சி ஒன்றைப் புகழ்ந்து, இருக்கிற முந்நூறு பக்கத்தையும் ஒரு கையால் தள்ளிவிட்டார்கள்!

நான் மச்சாளின் முறைக்காகக் காத்திருந்தேன். ஏற்புரை கடைசியில்தானே. எழுந்து ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும்: ஐயாமாரே, அப்படி ஒரு காட்சி இந்தப் புத்தகத்தில் இல்லை. அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "ஆழமான வாசிப்புக்கு எல்லாருக்கும் நன்றி" என்றாள். திரும்பக் கதிரையில் இருந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் வைத்துக் கேட்டேன். "ஏன் மச்சாள் வாயைத் திறக்கேல்ல?"

"ஏற்புரையில ஆரடி மறுத்துக் கதைக்கிறது? சனம் என்ன நினைக்கும்?"

"சனம் ஒண்டும் நினைக்காது. சனம் வாசிச்சால்தானே நினைக்கிறதுக்கு!"

அதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். ஆனால் புத்தகம் விற்றது. மெல்ல மெல்ல, கையிலிருந்து கைக்குப் போய், முதற் பதிப்பு முடிந்தது. அதற்குள் முகநூலில் யாரோ ஒரு பிள்ளை, 'அணிந்துரை வேறு நாவலுக்கு எழுதியதா? மாறி அச்சடித்துவிட்டார்களா?' என்று கேட்டுவிட்டாள். பதிப்பாளருக்கு வேர்த்துவிட்டது. மச்சாளுக்குப் போன் எடுத்தார். இரண்டாம் பதிப்பில் இரண்டையும் ஒத்துவரச் செய்யவேண்டுமாம். பெரியவரிடம் போய் அணிந்துரையைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்க முடியாதாம். ஆகவே நாவலைத் திருத்தவேண்டுமாம்! "உங்களிட்ட அந்தப் பழைய முடிவு இருக்குத்தானே பிள்ளை? அதைத் திருப்பிப் போட்டால் எல்லாருக்கும் நல்லது."

மச்சாள் ஓம், போடுறன் என்று சொல்லிவிட்டாள்.

கேட்டவுடன் எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. ஒரு பெரிய மனிதரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக, பேக்கரிக்கு முன்னால் சந்தோஷமாக நிற்கிற ஒருவனைப் பிடித்து விமானத்தில் ஏற்றுவதா? சட்டை எப்படி இருக்கிறதோ அதற்கேற்றபடி கையை வெட்டச் சொல்கிறார்கள். அந்தக் கோபத்தோடு கொட்டாஞ்சேனைக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பஸ்ஸில் அந்த அம்மாவைக் கண்டேன். புறக்கோட்டையில் இறங்கி மாளிகாவத்தைக்குப் பஸ் மாறப் போனவரிடம் இலக்கம் வாங்கிக்கொண்டேன்.

மச்சாள் கிளினிக்கில் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு விதத்தில அவை சொல்லுறதும் சரிதானேடி," என்றாள். "அழ வைக்கிறதைத்தான் இலக்கியம் எண்டு எடுக்கினம். சிரிக்க வைச்சால் லேசு எண்டினம்."

"சிரிக்க வைக்கிறது லேசோ? நீங்கள் அந்த மாப் பிசையிற இடத்தை எத்தினை தரம் அழிச்சு எழுதினனீங்கள்? விமான நிலையத்தை ஒரு பின்னேரத்தில எழுதினனீங்கள். எனக்குத் தெரியாதோ?"

நான் பஸ் அம்மாவின் கதையைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டு, "அது ஒருத்தி" என்றாள்.

"இன்னும் ஆக்களைக் கொண்டு வாறன்."

"எங்கையிருந்து? சந்தியில நிண்டு பிடிக்கப் போறியோ?"

கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன். பஸ் அம்மாவின் தங்கை வாங்கி வாசித்துவிட்டு மாளிகாவத்தை மாடிவீட்டிலிருந்து குரல் பதிவு அனுப்பினார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல், குக்கர் விசில். நாயகியின் தாயை ஏன் இவ்வளவு கெட்டவளாக எழுதினார்கள் என்று கேட்டு ஒரே சண்டை. "புள்ளையப் பெத்தவ கவலப்பட மாட்டாவா?" எங்கள் மாடியில் கீழ்வீட்டு மாமா, சட்டத்தரணி, கதவிலேயே நிறுத்தி வைத்துத் தீர்ப்புச் சொன்னார்: "நடுவில அறுபது பக்கம் வெட்டலாம். ஒரு கலியாணவீடு, ஒரு மழை, திருப்பி ஒரு கலியாணவீடு. என்ன பிள்ளை இது? ஆனால் அந்தப் பெட்டை வாய்க்காரி. அவவை எனக்குப் பிடிச்சது." எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அந்த மழையில் கை வைக்க இவர் யார்? ஆனால் படியேறி வீட்டுக்கு வந்தபிறகு யோசித்தேன். இவர் மழையை எண்ணியிருக்கிறார். மேடையில் இருந்த மூன்று பேரில் ஒருவராவது அதில் மழை பெய்தது என்று அறிந்திருப்பாரா?

ஒருவர் விடாமல் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறைப்பாடு இருந்தது. நாயகனுக்கு மூளை காணாது, வில்லன் இல்லை, முத்தம் ஒன்றாவது வைத்திருக்கலாம். முடிவைப் பற்றி மட்டும் ஒருத்தரும் முறைப்பாடு சொல்லவில்லை. அந்தப் பணிஸைச் சொல்லும்போது எல்லோருடைய குரலும் மாறியது.

வத்தளையில் ஒரு பிள்ளை. தொழிற்சாலை ஒன்றில் அலுவலக வேலை. நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் நின்றுகொண்டே வாசித்து முடித்தவள். அவளிடம் நான் பழைய முடிவைச் சொன்னேன். இப்படி மாற்றப் போகிறார்கள், என்ன நினைக்கிறீர் என்று கேட்டேன்.

"அக்கா," என்றாள் போனில். "என்ர அவரை நானே கட்டுநாயக்கா எயார்போட்டுக்குக் கொண்டு போய் ஏத்திவிட்டு வந்தனான். அந்தக் கண்ணாடி எனக்குத் தெரியும். அதைப் பாக்கிறதுக்கு நான் புத்தகம் வாங்கவேணுமோ?"

எங்கள் சனத்தின் துயரம் எங்கே என்று கேட்டாரே அந்த மூன்றாவது பேச்சாளர்? அவருக்கு நான் சொல்கிறேன். அது நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்து வருகிற களைப்பில், ஒரு பாண்காரனின் பகிடியை வாசித்துக்கொண்டு நிற்கிறது. அது தன் துயரத்தை வாசிக்கவில்லை. அதற்கு அது ஏற்கெனவே மனப்பாடம். சிரிப்பதற்கு அதற்கு ஒரு உரிமையும் இல்லையா? அதைத் தீர்மானிக்க நீங்கள் யார்? அதுவும் வாசிக்காமல்!

சனிக்கிழமை பின்னேரம் மச்சாளின் வீட்டில் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். சட்டத்தரணி மாமாவின் தீர்ப்பை நான் நடித்துக் காட்டியபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அறுபதில்லை, நாப்பது வெட்டலாம்" என்றாள். நாயகியின் தாய்க்காகச் சண்டை பிடித்தவரின் குரலை இரண்டாந்தரமும் கேட்டாள். வத்தளைப் பிள்ளை சொன்னதை நான் சொல்லி முடித்ததும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். வெளியே காற்றும் இல்லை, மழையும் இல்லை.

"இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?" என்றாள். "முடிவை மாத்தாட்டி அணிந்துரையை எடுக்கவேணும். எடுத்தால் அவர் கோவிப்பார். அவர் கோவிச்சால் பதிப்பாளர் ரெண்டாம் பதிப்புப் போடமாட்டார். திங்கக்கிழமை நான் ஃபைல் அனுப்பவேணும்."

"எடுக்கவேண்டாம். மாத்தி எழுதித் தரச்சொல்லிக் கேப்பம்."

"ஆர் கேக்கிறது?"

"நான்."

"உனக்கென்ன விசரே? அவர் எவ்வளவு பெரிய மனுசன்!"

"பெரிய மனுசனுக்கு நாலு அத்தியாயம் வாசிக்க ஏலாதோ? அவரிட்ட ஒருத்தரும் சொல்லவே இல்லையே மச்சாள். அவர் வாசிச்சதைப் பற்றித்தானே எழுதினவர். மற்ற மூண்டு பேரை விட அவர் மேல்!"

அது என் வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது. இந்த முழுக் கூத்திலும் கையில் கிடைத்ததை ஒழுங்காக வாசித்தவர் அந்த மனிதர். நாங்கள்தான் அவருக்குப் பயந்து, அவரை ஒரு பிழையான பக்கத்தில் அச்சடித்து வைத்திருக்கிறோம். அதையும் மரியாதை என்று சொல்லிக்கொள்கிறோம்.

மச்சாள் தடுக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் இரண்டு ஃபைலும் திறந்திருந்தன. இரண்டையும் மூடாமல் தேத்தண்ணி போடப் போனாள்.

நாளைக்கு ஞாயிறு. அவர் இருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அம்மா வெறுங்கையோடு போகக்கூடாது, திராட்சைப்பழமாவது வாங்கிக்கொண்டு போ என்கிறார். புத்தகத்தைத்தான் கொண்டு போவேன். புகழ்ந்து எழுதுங்கள் என்று கேட்கப் போவதில்லை. கடைசி நாலு அத்தியாயத்தையும் வாசியுங்கள் ஐயா, இவை நீங்கள் வாசித்தபோது இருக்கவில்லை என்று சொல்லப் போகிறேன். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுதட்டும். பழைய முடிவுதான் நல்லது, இவள் கெடுத்துவிட்டாள் என்றுகூட எழுதட்டும். அவன் ஊரிலேயே நின்றதைப் பற்றி எழுதினால் போதும். அவர் வாசித்து முடிக்கும் மட்டும் அங்கேயே இருக்கப் போகிறேன், எழும்பிப் போ என்று சொன்னாலும்.