ஆறுக்குப் பதில் இரண்டு

வளைவில் ஊர்ந்து வந்த இன்ஜின் திடீரென்று பாய்ந்தது. மேசை விளிம்பைத் தாண்டுவதற்குள் சபிஹா முந்தானையை விரித்துவிட்டாள். அதில் விழுந்த பிறகுதான் சக்கரங்கள் நின்றன.

"மாட்டினியா!" என்றாள். ஆறு நாளாக இதற்காகத்தான் காத்திருந்தாள்.

மயிலாடுதுறைக்கு வெளியே, வயலைப் பார்த்த அந்த அறையில், மேசைமேல் ஓடும் மாதிரி ரயில்களுக்கு அவள் டிகோடர் செய்கிறாள். இன்ஜினுக்குள் உட்காரும் நகத்தளவு பலகை அது. தண்டவாள மின்சாரத்தோடு வரும் கட்டளைகளில் தனக்குரியதை மட்டும் எடுத்து மோட்டாரை ஓட்டும். துபாயில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் ஓடிய ரயில்களைக் கணவன் ஃபாஜில் படம் பிடித்து அனுப்பியிருந்தான். ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின் எப்படித் தனித்தனி வேகத்தில் போகின்றன? அந்தக் கேள்வி ஐந்து வருடத்தில் தொழிலாகிவிட்டது.

சென்னையில் வீட்டுக்குள் மாதிரி ரயில் ஓட்டும் ஜெக்கரியாவின் நாற்பது இன்ஜின்களிலும் அவளுடைய டிகோடர்தான். அவற்றில் இரண்டு தானாகப் பாய்ந்தன; ஒன்று கீழே விழுந்து முகப்பு உடைந்தது. "சனிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லன்னா நாப்பதையும் கழட்டி அனுப்பிடுவேன்" என்றிருந்தார். இன்று வெள்ளி.

இன்ஜின் பாய்ந்தபோது மின்விசிறியும் ஒரு கணம் தொய்ந்ததே? ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வயல் வீரையனின் பம்புசெட் அப்போதுதான் தண்ணீரைத் துப்பத் தொடங்கியிருந்தது.

"அண்ணே, இப்பத்தான் மோட்டாரப் போட்டீங்களா?"

"ஆமா தங்கச்சி. ஆறு நாளா த்ரீ பேஸ் இல்ல. நாத்து காயுது."

"ஒரு தடவ நிறுத்திப் போடுங்களேன்."

"நீ ரயிலு விட நான் ரயில்வே கேட்ட மூடணுமாக்கும்?"

ஆனாலும் நிறுத்திப் போட்டார். இன்ஜின் பாய்ந்தது. மூன்றாவது தடவை போட்டுவிட்டுச் சேற்றுக்காலோடு ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

"எங்க, ஓடிடுச்சா? நான் வர்ற வரைக்கும் நிக்கக் கூடாதா?"

பம்பு கிளம்பும்போது மின்னழுத்தம் படுத்தது. கட்டளை அனுப்பும் பெட்டி மயங்கி எழுந்தது. அந்த இடைவெளியில் தண்டவாளத்தில் கட்டளை இல்லை, வெறும் மின்சாரம்தான். கட்டளை வராவிட்டால், வெறும் மின்சாரத்திலேயே ரயில் ஓடும் பழைய காலத்துத் தண்டவாளம் என்று எண்ணி ஓடு என்று டிகோடருக்கு எழுதியவள் அவளேதான். பழைய தண்டவாளம் வைத்திருப்பவர்களுக்கும் உதவட்டுமே என்று, யாரும் கேட்காமல் சேர்த்தது. டிகோடர் சொன்னபடி கேட்டிருக்கிறது.

ஆனால் சென்னையில்? போன் செய்தாள்.

"சார், உங்க பக்கத்துல பம்புசெட் ஏதாவது?"

"மூணாவது மாடிம்மா. இங்க என்ன நடவா நடறேன்?"

"லிஃப்ட் இருக்கா?"

போனில் சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. "சுவருக்கு அந்தப் பக்கம்."

"லிஃப்ட் கிளம்பறப்ப கரண்ட் தொய்யுது, இன்ஜின் பாயுது. தப்பு என்னோடதுதான் சார். டிகோடர் அமைப்புல இருபத்தொன்பதாவது இடத்துல ஆறு இருக்கும். ரெண்டுன்னு மாத்துங்க. கட்டளை இல்லாம நகராது."

மறுநாள் ஜெக்கரியா ஒவ்வொரு இன்ஜினாக ஆறை இரண்டாக மாற்றினார். முடிக்க மதியமாயிற்று. லிஃப்டைப் பதினொரு தடவை ஏற்றி இறக்கினார். எதுவும் தானாகக் கிளம்பவில்லை. உடைந்த முகப்பைப் பசை போட்டு ஒட்டினார். சபிஹா புதுப் பலகைகளில் இரண்டு என்றே எழுதினாள். வீரையன் வயலில் நான்கு மணி வரை தண்ணீர் பாய்ந்தது.