சோடா மெஷினுக்கு வைத்த பொட்டு

என் அண்ணி வீட்டுக் கராஜில் நிற்கும் பழைய வெள்ளை ஃபிரிட்ஜின் கதவில், என் நெஞ்சு உயரத்தில், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஓர் அடைப்பு இருக்கிறது. மாவு எடுக்கப் போகிற விருந்தாளிகள் அதைக் கவனிப்பதில்லை; கவனிக்கிறவர்கள் பூட்டு இருந்த இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் அந்தக் கதவைத் திறக்கும்போது இன்றும் இரண்டு விரல்களால் மட்டுமே கைப்பிடியைப் பற்றுகிறேன். உள்ளே இருப்பவை இட்லி மாவும் தயிரும் கறிவேப்பிலையும்தான். ஆனால் என் மூக்குக்கு முதலில் எட்டுவது ஊறிப் புளித்த பார்லியின் வாடை. நனைந்த கோணிச்சாக்கில் பழைய ரொட்டியைக் கட்டிவைத்தாற்போன்ற வாடை. இத்தனை ஆண்டுகள் ஒரு பெட்டிக்குள் எந்த வாடையும் தங்காது என்பதை அறிவேன். அது என்னிடம் தங்கிவிட்டது.

அண்ணிக்காக வாங்கிய பெட்டி அது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் நான் டாலஸில் ஓர் அலுவலகத்தில் புரோகிராமராக வேலை பார்த்துக்கொண்டு, பக்கத்து ஊரான காப்பெலில் அண்ணன் வாங்கியிருந்த வீட்டின் மாடியறையில் தங்கை என்கிற உரிமையில் தங்கியிருந்தேன். அண்ணி முதல் பிள்ளையைச் சுமந்திருந்தார். அவருடைய அம்மா கல்யாணமான மறுவருடமே காலமாகிவிட்டதால், பிரசவத்துக்குக் கோபியிலிருந்து எங்கள் அம்மா வருவதாக ஏற்பாடு. அம்மா வந்தால் மாவு, பத்தியப் பொடிகள் எல்லாம் வைக்க இடம் வேண்டும் என்று அண்ணி கேட்க, ஊர் மாறிப்போகும் ஒரு குடும்பத்திடம் இந்தப் பெட்டியை வாங்கி அண்ணன் டிரக்கில் ஏற்றிவந்தார். அண்ணி இரண்டு நாள் அதை வினிகர் தொட்டுத் துடைத்தார். மூன்றாம் நாள் காலை, அதன் கண்ணாடித் தட்டுகள் கழற்றப்பட்டுக் கராஜ் சுவரில் சாய்ந்து நின்றன. "மாவுக்கு கிச்சன் ஃபிரிட்ஜே போதும். இதுல அஞ்சு காலன் கெக் ரெண்டு நிக்கும் பாரு" என்றார் அண்ணன், அளவு நாடாவைப் பிடித்தபடி.

வீட்டிலேயே பீர் காய்ச்சும் பழக்கத்தை அலுவலகத்து நண்பர் ஒருவர் அவருக்குத் தொற்றவைத்திருந்தார். பாட்டில் பாட்டிலாகக் கழுவி நிரப்புவது அலுத்துப்போனதால் அடுத்த கட்டமாக, கெக் என்கிற பீப்பாயில் நிரப்பி ஃபிரிட்ஜ் கதவில் வைத்த குழாயில் பிடிக்கும் இந்த ஏற்பாடு. அண்ணன் செய்தது நேர்த்தியான வேலை என்பதை நான் மறுக்கமாட்டேன். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் துளைத்தால் உள்ளே ஓடும் குளிரூட்டும் குழாய் அறுந்துவிடும், கதவில்தான் ஒன்றும் ஓடுவதில்லை என்று படித்துத் தெரிந்துகொண்டு, ஊசிமுனை அளவுக்கு முதலில் துளைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய துளையைப் போட்டார். குளிர்பானக் கடைகள் கழித்துப்போட்ட, முழங்காலுக்கு மேல் வரும் எவர்சில்வர் கெக்குகளை வாங்கிவந்து, பழைய சோடா வாடை போக அவற்றின் ரப்பர் வளையங்கள் அத்தனையையும் மாற்றினார். பீரைக் குழாய்க்குத் தள்ளும் வாயு சிலிண்டரைத் திறந்து, ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். சின்ன வயதில் என் கையில் ஏறிய முள்ளை எடுக்கும்போதும் அவர் அப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொள்வார். கதவின் வெளியே கருப்புக் கைப்பிடி வைத்த குழாயும் அதன் கீழே சொட்டுகளைப் பிடிக்கும் தட்டும் பொருந்தியபோது, அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியில் கள்ளம் ஏதும் இல்லை.

எனக்குக் குமட்டியது வேறொன்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி, விரல்நீளப் பிரஷ்ஷால் அதன் உட்புறத்தைத் தேய்ப்பார். "கிருமி ஒண்ணு இருந்தாலும் டேஸ்ட் போயிரும்" என்பார். அதே மனிதர் குடித்த காபி டம்ளரை, அடியில் ஆடை காய்ந்து ஒட்டும்வரை, உட்கார்ந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போவார். வயிற்றைத் தாங்கியபடி குனிந்து அதை எடுக்கிறவர் அண்ணி.

காய்ச்சும் நாட்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. அண்ணி ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய குண்டானில்தான் அண்ணன் காய்ச்சுவார். அண்ணியின் அம்மா சீராகக் கொடுத்த குண்டான்; விளிம்பில் அந்த அம்மாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்தது. அதில் மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி கொதிக்கும். ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைக் கொட்டியதும் எழும் ஆவி திரைச்சீலை, தலைமுடி, ஆறவைத்த சோறு எல்லாவற்றிலும் ஏறும். அண்ணி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுப்பது அடுப்படிவரை கேட்கும். "எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கேனே" என்பார் அண்ணன், நிஜமான வியப்போடு. பிழிந்த பார்லிச் சக்கையை உரமாகும் என்று ரோஜாச் செடிகளின் அடியில் கொட்டுவார். டெக்ஸாஸ் வெயிலில் அது மறுநாளே புளித்துப் பொங்கி, மேலே பாசிபோல் பூத்து, ஈக்களால் கருத்து நிற்கும். பல மாதங்கள் நான் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நண்பர்கள் வருவார்கள். பகலில் கண்ணியமாகப் பேசும் மனிதர்கள். குழாயின் முன் வரிசையில் நின்று, "தலைவரே, நொரையப் பாருங்க, கும்பகோணம் டிகிரி காபி தோத்துச்சு!" என்பார் ஒருவர். "அப்ப ஆத்திக் குடுங்க பாஸ்!" என்பார் இன்னொருவர். சிரிப்பு அடங்குமுன், "தங்கச்சி, பஜ்ஜி இன்னொரு ரவுண்டு!" என்று சமையலறையில் நிற்கும் அண்ணியை நோக்கிக் குரல் போகும். உதட்டு நுரையைப் புறங்கையால் துடைத்து அந்தக் கையாலேயே பஜ்ஜியை எடுப்பார்கள். கராஜ் தரையில் சிந்தியது காய்ந்து, செருப்பு ஒவ்வோர் அடியிலும் ஒட்டிப் பிரியும். அந்த ஓசை என் காதில் இன்னும் இருக்கிறது.

ஒருநாள் அண்ணி என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கொழந்தையத் தூக்கிட்டு வர்றப்ப இந்த வீட்ல அந்தக் கொழாய் இருக்கக் கூடாது. அவ்ளோதான் எனக்கு வேணும். நான் சொல்லிப் பாத்துட்டேன், சிரிக்கறாரு. அத்தை ஒரு வார்த்தை சொன்னா தட்டமாட்டாரு." அப்படியானால் அம்மாவிடம் அவரே சொல்லலாமே என்றேன். "நான் சொன்னா மருமக கோள் மூட்டறான்னு ஆயிரும். அவங்களே பாத்து உங்கிட்டத்தான் கேப்பாங்க. கேக்கறப்ப நீ உண்மையச் சொல்லிரு, போதும்." சொல்கிறேன் என்று அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன்.

அம்மா ஆகஸ்டில் வந்தார். வருவதற்கு முன்தினம் அண்ணன் என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "அம்மா கேட்டா சோடா மெஷின்னு சொல்லிரு. கெக் சோடாக் கடையில வாங்கினதுதான, பொய்யில்ல பாரு. பிரஷர் இருக்கற மனுஷி, இங்க வந்து எதாச்சும் ஆச்சுன்னா?" நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அண்ணன் குழாயின்மீது ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டார். ஐந்து வாரங்கள் அம்மா போர்வையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி மட்டும் ஒவ்வொரு நாளும் காத்திருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. வீட்டில் உள்ள இயந்திரம் எதற்கும் பொட்டு வைக்காமல் விடுவது எங்கள் அம்மாவின் வழக்கம் இல்லை. கிரைண்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின், அண்ணனின் கம்ப்யூட்டர் என்று வரிசையாக விபூதி பூசி, கார்களுக்காகக் கராஜுக்குள் வந்தார். கடையில் வாங்கிய மஞ்சள் சாமந்தியைத் தைக்கும் நூலில் கட்டி வைத்திருந்தார். தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன், பக்கத்தில் அண்ணன். சமையலறை வாசற்படியில், கதவுநிலையைப் பற்றியபடி, ஒன்பதாம் மாதத்து அண்ணி. அம்மா கார்களை முடித்துத் திரும்பினார், போர்வையை விலக்கினார்.

"இது என்ன அம்முணி, பொட்டிக்குக் கொழாய் வெச்சிருக்குது?" என்று என்னைக் கேட்டார்.

அண்ணி என்னைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார். தாம்பாளத்தில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு, "சோடா மெஷின்மா" என்றேன்.

"அப்பிடியா, நல்லது" என்றார் அம்மா. கதவின் மேல் மூன்று விரலால் விபூதி இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, குழாயின் கருப்புக் கைப்பிடியில் சாமந்திச் சரத்தைச் சுற்றினார். கதவைத் திறந்து உள்ளே நின்ற இரண்டு கெக்குகளின் தலையிலும் பொட்டு வைத்தார். அண்ணன் பக்தியோடு கைகூப்பினார். பூவின் கீழிருந்து ஒரு சொட்டு தட்டில் விழுந்தது. நான் திரும்பியபோது வாசற்படி காலியாக இருந்தது. என் வாழ்நாளில் என் மேலேயே எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்த நாள் வேறு இல்லை.

நாலைந்து நாள் கழித்து, அலுவலகத்துக்குச் சீக்கிரம் கிளம்பவேண்டிய ஒரு காலையில் கராஜுக்கு வந்தேன். அம்மா அந்தச் சொட்டுத் தட்டைத் தோட்டத்துக் குழாயடியில் வைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதில் இரவு தேங்கிய பழுப்புத் திரவம், சளிபோல் இழுபட்டு வழிந்தது. இரண்டு சிறு பூச்சிகள் அதில் மிதந்தன. அம்மா முகம் சுளிக்காமல் விரலால் வழித்துவிட்டார். பழகிய கை.

"தெரியுமாம்மா?"

"வந்த அன்னிக்கே தெரியும். முப்பது வருஷம் உங்கப்பன் சட்டையில மோந்ததுதான. பேரு வேற, வாசம் ஒண்ணுதான்."

"அப்பறம் ஏன் எங்கிட்டக் கேட்டே?"

"உங்கண்ணி வாசப்படியில நிக்கறா, நான் கேக்காம போக முடியுமா? நீ என்ன சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். உன் வாயில வந்தாத்தான் நான் நம்பிட்டேன்னு அவ நெனப்பா." தட்டைக் கவிழ்த்து உதறினார். "எனக்குத் தெரியும்னு ஆயிருச்சுன்னா நான் பையனக் கேக்கோணும். கேட்டா வெளிய போய்க் குடிப்பான். உங்கப்பனச் சாக்கடையோரம் டார்ச் அடிச்சுத் தேடினவ நானு. இவன் ஊட்டுக்குள்ள குடிச்சுட்டு ஊட்டுக்குள்ள படுத்துக்கறான். அது போதாதா?"

அந்த நியாயம் தவறு என்று எனக்குப் பட்டது. அதற்கு அவர் கொடுத்திருந்த விலையும் தெரிந்தது. தட்டை அதன் இடத்தில் மாட்டி, போர்வையை ஒழுங்காக இழுத்துவிட்டு, அம்மா இட்லி ஊற்றப் போனார்.

அக்டோபரில் பெண்குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்து குழந்தையை ஏந்தி வந்தபோது, அண்ணி அந்தக் குழாயைக் கடந்துதான் வீட்டுக்குள் போனார். சரம் காய்ந்து இன்னும் அதில் தொங்கியது.

ஜனவரியில் அம்மா ஊர் திரும்பினார். அதற்கு அடுத்த வாரம், வேலை முடிந்து நானும் அண்ணனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்தோம். கராஜ் தரை கழுவப்பட்டு ஈரமாக இருந்தது. நடுவில் அண்ணியின் குண்டான்; அதற்குள், துணி விரித்து, குழாய், கைப்பிடி, ரப்பர் வளையங்கள், திருகுகள் எல்லாம் கழற்றிய வரிசையிலேயே அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் வாயு மூடிய சிலிண்டரும் காலியான இரண்டு கெக்குகளும். எதை முதலில் மூட வேண்டும், அழுத்தத்தை எப்படி இறக்க வேண்டும் என்பதையெல்லாம் பஜ்ஜி கொண்டுவந்த நடைகளிலேயே அண்ணி பார்த்து வைத்திருக்கிறார். ஒரு வாஷர்கூடக் குறையவில்லை. கதவின் துளையில் ஒரு தக்கை. உள்ளே தட்டுகள் திரும்பவும் ஏறி, அவற்றின் மேல் மாவுப் பாத்திரம் இருந்தது.

"அத்தை கேக்கல. நான் கேக்கறேன்" என்றார் அண்ணி, குழந்தை தோளில். "இது வேணும்னா எங்க வேணாலும் வெச்சுக்குங்க. இந்த வீட்ல வேண்டாம். அந்தக் குண்டானையும் கழுவித் திருப்பிக் குடுத்துருங்க."

அண்ணன் குண்டானைக் கழுவி அடுப்படியில் வைத்தார். மறுநாள் மற்ற எல்லாவற்றையும் ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அம்மா சொன்னபடியே நடந்தது: வெளியே குடிக்கப் போனார். ஓட்டுநர் உரிமம் வாங்கியிருந்த அண்ணி, குழந்தையைப் பின்னிருக்கையில் கட்டி, எத்தனையோ முறை அவரைத் தேடிக் கூட்டிவந்தார். சில முறை நானும் உடன் போனேன். அண்ணன் பின்னாளில் தானாகவே நிறுத்தினார். ஏன், எப்போது என்று யாருக்கும் சொல்லவில்லை. அண்ணி, தான் செய்தது சரியா என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. அம்மாவும் கடைசிவரை கேட்கவில்லை. அந்த வீட்டில் கேள்விகள் எல்லாம் எனக்கே மிஞ்சின.

தக்கை மக்கியபின் அண்ணி அந்தத் துளையை வெள்ளைப் பசை வைத்து அடைத்தார். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நான் அங்கே போகிறேன். அம்மா செய்த அதே வரிசையில் கிரைண்டர், மிக்ஸி, கார் என்று முடித்து, அந்த ஃபிரிட்ஜின் முன் வந்து அண்ணி நிற்பார். விபூதித் தட்டு அவர் கையில். கற்பூரத் தாம்பாளம் என் கையில். எங்கள் அம்மாவின் குரலில், அதே இழுப்போடு கேட்பார்: "இது என்ன அம்முணி?"

முதல் வருடம் நான் அழுதேன். அவர் காத்திருந்தார், சொல்லும்வரை பொட்டு வைக்கவில்லை. இப்போது அழுவதில்லை. கற்பூரத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்து, "பீர் வெச்சிருந்த பொட்டி அண்ணி" என்கிறேன். தலையசைத்துவிட்டு, அந்த அடைப்பின் மேல் கட்டைவிரலை அழுத்திக் குங்குமம் வைக்கிறார். பிறகு கதவைத் திறந்து, இரவுக்கு வேண்டிய மாவை எடுத்து என்னிடம் கொடுக்கிறார்.