டவர் வந்த பிறகு

ரேணுகாதேவி தானே பாட்டுக் கட்டிப் பாடுவாள். ஊருக்குள் சிக்னல் கிடையாது. பாறை மேட்டுக்கு ஏறிப்போய்ப் பாட்டை யூடியூபில் போட்டதும், யார் என்ன எழுதுவார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். விறுவிறுவென்று இறங்கிவிடுவாள். வீட்டில் போன் ஊமை. சாமை புடைக்கப் புடைக்கப் படபடப்பு அடங்கி, அடுத்த பாட்டு வரும்.

போன தையில் ஊருக்கே டவர் வந்தது.

"இனிமே இன்னா, வூட்லயே குந்திக்கினு போடலாம்!" என்றான் புருஷன் கோகுல்ராஜ்.

போட்டாள். முறத்தருகே போன் சிணுங்கியது. பாராட்டுகளுக்கு நடுவே, 'கழுதை கத்துது' என்று ஒருவன் எழுதியிருந்தான். கண் அதிலேயே நின்றது. அணைத்து வைத்தாலும் கை தானாகப் போய்த் திறந்தது.

மாசி போய்ப் பங்குனியும் போனது.

"இன்னாடி, பாட்டையே காணோம்?"

"மேட்லேர்ந்து எறங்கி வர்றதுக்கு ஒரு வூடு இருந்திச்சிங்க" என்றாள். "இப்ப இல்ல."