பிறவியா, பட்டதா

“ஓட்டையச் சுத்தி இரும்பு வெச்சு விக்கிறவனுக்கா என் தங்கச்சியக் குடுக்கப் போறீங்க?”

கல்யாணப் பேச்சு நடந்த கூடத்தில், இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருக்கும்போது, மச்சான்காரர் கேட்ட கேள்வி இது. எல்லோரும் சிரித்தார்கள். வாஷர் செய்யும் பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையும் வேறு வழியில்லாமல் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு இத்தனை வருஷமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பிள்ளைகள் வளர்ந்து, தலை நரைத்த பிறகும் மச்சான் வாயில் அவர் வெறும் மாப்பிள்ளை ஆகவில்லை. ‘வாஷர் மாப்பிள்ளை’தான்.

கேலி பேசியவரை என்னமோ கோட்டை கட்டி ஆண்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் மண்டை இடிக்கும் ஒரு பொந்தில் பழைய தங்கக் காசுகளை வாங்கி விற்கும் கடை. அதற்கு முன்னால் கடிகாரம் பழுது பார்க்கும் இடத்தில் எடுபிடி. அந்த வேலையை விட்டு விலகும்போது முதலாளியின் லென்ஸ் ஒன்றும் கூடவே விலகி வந்துவிட்டது. அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டதும் ஆள் நிபுணராகிவிட்டார். தெருவில் அவருக்குப் பெயரே லென்ஸ்.

காசில் ஒரு குறை இருந்தால், அது எங்கே வந்த குறை என்பதில்தான் அந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது. அச்சடிக்கும் இடத்திலேயே தவறிப் பிறந்தது என்றால் அபூர்வம். தேடி வந்து வாங்குவார்கள். வெளியே வந்தபிறகு விழுந்ததோ, எவனாவது சுரண்டியதோ என்றால் வெறும் தங்கம், உருக்கத்தான் லாயக்கு. லென்ஸின் பாஷையில் முதலாவது ‘பிறவி’, இரண்டாவது ‘பட்டது’. இரண்டையும் பிரித்துச் சொல்ல அவர் வைத்திருந்த முறை ரொம்பச் சுலபம். வாங்கும்போது எல்லாம் பட்டது. விற்கும்போது எல்லாம் பிறவி.

மாப்பிள்ளை இதைக் கண்ணாலேயே பார்த்தார். எழுத்து இரட்டையாகத் தெரியும் காசு ஒன்றை ஓர் அம்மாள் கொண்டுவந்திருந்தாள்.

“பட்டதும்மா. எவனோ சுத்தியால தட்டியிருக்கான். பாக்கவே எனக்கு வயிறு எரியுது. போகட்டும், உங்க முகத்துக்காக எடைக்கு எடுத்துக்கறேன்.”

அந்த அம்மாள் தலை மறைந்ததும் காசை வாயால் ஊதி, சட்டை நுனியால் பரபரவென்று தேய்த்தார். அப்படித் தேய்ப்பதே காசுக்குக் காயம் என்பது நிபுணருக்குத் தெரியாது. அந்தச் சூட்டோடு சூடாகக் காசு சேகரிக்கும் ஒரு பெரிய மனிதர் வந்து நின்றார்.

“சார், அச்சு ரெண்டு தடவ விழுந்திருக்கு. பிறவி! வயித்துக்குள்ளயே ரெட்டை!”

அவர் வாங்கிக்கொண்டு போனதும் மாப்பிள்ளை கேட்டார்: “இப்பத்தான சுத்தியால தட்டினதுன்னு சொன்னீங்க மச்சான்?”

“நீ ஓட்டையப் பாரு. காச நான் பாத்துக்கறேன்.”

ஊரை ஏமாற்றியது போதாதென்று கூடப்பிறந்தவளிடமும் அதே வித்தையைக் காட்டினார். அம்மா இறந்தபின் தங்கைக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு தங்கக் காசு. அதன் விளிம்பில், பல்லால் கடித்த மாதிரி, பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. அவள் அண்ணனிடம் காட்டினாள். “பட்டதும்மா” என்று எடைக்கு வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாளில் அந்தக் காசு கடையின் கண்ணாடிப் பெட்டியில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு அட்டை: ‘பிறவிக் கடி. மிக மிக அபூர்வம்.’ தங்கை அதைப் பார்த்துவிட்டாள். அன்றோடு அண்ணனிடம் பேச்சு நின்றது. அவரோ, வந்தவர்கள் சொன்ன விலையெல்லாம் தூசு என்று விற்காமலே வைத்திருந்தார். எவனாவது மாற்றிவிடுவானோ என்று யார் கையிலும் கொடுத்துக் காட்டியதுமில்லை.

இப்போது லென்ஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்றைக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. சர்க்கரை கண்களையும் மங்க வைத்திருந்தது. தங்கையை வரச் சொல்லி அனுப்பியதில் மாப்பிள்ளை மட்டும் வந்தார்.

“அவ வரலையா?”

“வரமாட்டா.”

“அண்ணன் நெஞ்சப் பொளக்கப் போறாங்க. அதுக்குக்கூடவா?”

“அவ நெஞ்ச நீங்க எப்பவோ பொளந்துட்டீங்களே மச்சான்.”

லென்ஸ் தலையணைக்கு அடியில் துழாவி ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தார். “இந்தா, அந்தக் காசு. நான் பொய் சொல்லித்தான் வாங்கினேன். திருப்பிக் குடுத்துட்டான்னு சொல்லு. நான் கண்ணு முழிக்கறப்ப அவ இங்க இருந்தா போதும்.”

மாப்பிள்ளை அதை முதல்முறையாகக் கையில் வாங்கினார். லென்ஸின் கழுத்திலிருந்த லென்ஸையும் கழற்றிக்கொண்டு ஜன்னலோரம் போனார். பிரஸ்ஸில் தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டு விழும். வாஷர் இப்படித்தான் கடிபட்டு வரும். கூடை கூடையாக அள்ளிக் கொட்டியிருக்கிறார். காசுத் தகடும் அப்படித்தானே வெட்டுப்பட வேண்டும்? பார்த்தார். திருப்பிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“மச்சான், இது பிறவி இல்ல. பட்டது.”

“வாயக் கழுவு!”

“கடியோட பொறந்த தகட்டுல அச்சு விழுந்தா, கடிக்குப் பக்கத்து எழுத்து அந்தப் பள்ளத்துப் பக்கமா இழுபட்டு மங்கிப் போயிருக்கணும். இதுல எழுத்து கத்தி வெச்சு அறுத்தாப்பல பாதியில நிக்குது. கடிக்கு நேர் எதிர் விளிம்பு சோடையா இருக்கணும்; இதுல நல்லா புடைச்சுக்கிட்டு இருக்கு. எவனோ வட்ட அரத்தால ராவி, தங்கத்த வழிச்சுட்டுப் போயிருக்கான். நகத்த வெச்சுப் பாருங்க, அரம் போன கோடு தட்டும்.”

லென்ஸ் கட்டைவிரல் நகத்தால் தடவினார். மறுபடி தடவினார். பெட்டியில் ராஜா மாதிரி வைத்திருந்த காசு ஒரு நகக்கண்ணில் செத்துப்போனது. முகம் தொங்கிவிட்டது. ஆனால் வியாபாரி புத்தி சும்மா கிடக்குமா? மெதுவாக ஒரு கணக்குப் போட்டது.

“அப்ப... எடைக்குத்தான பெறும் இது?”

“எடைக்குத்தான்.”

“அவகிட்டயும் பட்டதுன்னுதான சொன்னேன்? எடைக்குத்தான வாங்கினேன்? அப்ப நான் அவள ஏமாத்தவே இல்லையே!”

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆயுசில் ஒரே ஒரு தரம் உண்மை பேசியிருக்கிறார். அதுவும் பொய் என்று நினைத்துக்கொண்டு.

“அப்புறம் அந்த அட்டை? அதுக்கு என்ன சொல்றது?”

“அது வியாபாரத்துக்கு எழுதினது. எல்லாரும் எழுதறதுதான்.”

தள்ளுவண்டியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். தூக்கிப் படுக்கவைக்கும்போது லென்ஸ் மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவர் கடைசியாகக் கேட்டுக்கொண்ட காரியம் இதுதான்:

“அரம் பட்ட எடத்த அவகிட்டக் காட்டு. அண்ணன் அன்னிக்கே நெஜத்தச் சொன்னான்னு சொல்லிக் கூட்டிட்டு வா. பொய்னு நெனச்சுத்தான் சொன்னேங்கிறத மட்டும் சொல்லிடாத.”