பகடை வேண்டாம் என்றாள்

அந்தப் பெட்டியை அனுப்பியது அத்தை மகன். அத்தை வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல்தா. வில்லியனூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் சாப்பாட்டு மேசை போட்டிருந்த வீடு அவர்களுடையதுதான். பிரான்சில் வேலை செய்யும் பிள்ளையும் அவர்களுக்குத்தான் இருந்தான். பெட்டிக்குள் சாக்லேட் இருக்கும் என்று நாக்கில் எச்சில் ஊறத் திறந்தோம். ஒரு தடிப் புத்தகமும் கலர் கலராகப் பகடைகளும் இருந்தன. தாயக்கட்டை மாதிரி இல்லை. ஒன்றுக்கு எட்டு முகம், இன்னொன்றுக்கு இருபது.

அத்தை மகள் என்னைவிடப் பெரியவள். முறைக்கு அண்ணி, ஆனால் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிரெஞ்சு படித்தவள் என்பதால் புத்தகத்தை உட்கார்ந்து படித்து ஆட்டத்தை எங்களுக்குச் சொன்னாள். கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஒருத்தி கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, அந்த ஆள் என்ன செய்கிறான், என்ன பேசுகிறான் என்பதை வாயாலேயே சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து சாப்பிட்டதும் மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவோம். நான், கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் மகள், அக்கா. மூன்றே பேர்.

புத்தகத்தில் பனியும் கோட்டையும் இருந்தனவாம். அக்கா அதையெல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு பாகூர் ஏரியை எடுத்துக்கொண்டாள். அதைக் கரையே தெரியாத அளவுக்கு அகலமாக்கினாள். பாய் மகள் உப்பு வியாபாரி. நான் படகுக்காரி. தரையில் கால் வைக்காதவள், யாருக்கும் அடங்காதவள். மற்ற அத்தனை பேரும் அக்காதான். காவல்காரன், கிழவன், பேய், ராஜா எல்லாம்.

அடேயப்பா, என்ன கெட்டிக்காரத்தனம்! இத்தனை வயிற்றெரிச்சலிலும் அதை மட்டும் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. 'உனக்குப் பயமாக இருக்கிறது' என்று ஒருநாளும் சொல்ல மாட்டாள். படகுக்கு அடியில் ஏதோ உரசுகிறது என்பாள். நிறுத்துவாள். "இன்னா பண்ற?" என்பாள். காவல்காரனை அடிக்கிறேன் என்றால், "எந்தக் கையாலடி?" என்று கேட்பாள். இடது கை என்று சொன்னதும் எனக்கே இடது கை வலிக்கும். இப்படிச் சின்னச் சின்னதாகக் கேட்டே உள்ளே இழுத்துவிடுவாள்.

இரண்டு விதிகள் வைத்திருந்தாள். ஆட்டத்தில் சொன்னது ஆட்டத்தோடு போக வேண்டும், வெளியே பேசக்கூடாது. இன்னொன்று பகடை பற்றி. நான் எடுத்ததற்கெல்லாம் பகடையை உருட்டுவேன். "சந்தேகம் இருந்தாதான்டி உருட்டணும். முடிவு தெரிஞ்சதுக்கு எதுக்குப் பகடை?" என்று கையிலிருந்து பிடுங்குவாள்.

இப்படி இருக்கும்போது அப்பாவும் அத்தையும் பேசி என்னை அத்தை மகனுக்கு முடித்துவிட்டார்கள். பிரான்ஸ் மாப்பிள்ளை! ஊரே வாயைப் பிளந்தது. எனக்கோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. கரும்பலகைக்கு முன்னால் நிற்பதாக நான் தினமும் கனவு கண்டுகொண்டிருந்தேன். என்னை யார் கேட்டார்கள்? கோயிலில் முதல் ஓலையே வாசித்துவிட்டார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். மூன்றாவதும் வாசித்துவிட்டால் கதை முடிந்தது.

இரண்டாவது ஓலை வாசித்த அன்று மதியம் அக்காவிடம் போய் அழுதேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

"என்கிட்ட சொல்லாதடி. நான் அவன் கூடப்பொறந்தவ. ஆட்டத்துல சொல்லு. அது வெளிய போவாது."

மேசையில் உட்கார்ந்தோம். ஏரிக்கு நடுவில் ராஜா படகுக்காரியைப் பெண் கேட்டான். மூன்று முரசு அடித்தால் கல்யாணம். இரண்டு அடித்தாயிற்று.

"இன்னா பண்ற?" என்றாள் அக்கா.

"கோயில் பெரியவர்கிட்ட போறேன்."

"எப்ப?"

"மூணாவது முரசுக்கு மொத நாள், சாயங்காலம்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

பாய் மகள் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

"இன்னா வார்த்தை சொல்லுவ?"

நான் நீளமாகச் சொன்னேன். அக்கா தலையாட்டினாள். "இழுக்காதடி. ஒரே வரி. கேட்டா ஆடிப்போவணும்." இருவரும் சேர்ந்து வெட்டி வெட்டிக் கடைசியில் ஒரு வரி கிடைத்தது: என் சம்மதத்த நான் யார்கிட்டயும் குடுத்து வைக்கல.

பெரியவர் ஒத்துக்கொள்வாரா என்று பார்க்கப் பகடையை எடுத்தேன். அக்கா அதைக் கையால் மூடினாள். "வேணாம்" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பங்குச்சாமியார் வீட்டுக்குப் போனேன். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததுமே ஆரம்பித்தேன்.

"சாமி, என் சம்மதத்த நான்..."

"...யார்கிட்டயும் குடுத்து வைக்கல" என்று அவரே முடித்தார். முடித்துவிட்டுச் சிரித்தார்.

ஆடிப்போனது நான்தான்.

"உங்க அக்கா வந்து சொல்லிட்டுப் போச்சும்மா. படகுக்காரி வேஷம் கட்டி நல்லா நடிப்பியாமே. இன்னிக்கு வந்து இதத்தான் சொல்லுவன்னும் சொல்லுச்சு. கல்யாணத்துக்கு முந்தி இந்த விளையாட்டெல்லாம் விட்டுடணும், இன்னா?"

"விளையாட்டு இல்ல சாமி. நெசமாத்தான் சொல்றேன்."

"அதையும் சொல்லுவன்னு சொல்லுச்சு" என்றார்.

மறுநாள் மூன்றாவது ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் சாமியார். எனக்கு முன் வரிசையில் இருந்த அக்கா முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு திரும்பினாள். மேசையில் பார்ப்பது போலவே புருவத்தைத் தூக்கிப் பார்த்தாள். இன்னா பண்ற? என்ன பண்ணுவேன்? இருந்த ஒரு வரியையும் அவள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாளே. வாயைத் திறந்தால் கோயிலே சிரிக்கும். குனிந்துகொண்டேன்.

கல்யாணம் நடந்தது, பிரான்சுக்கும் வந்து சேர்ந்தேன். அவர் கெட்டவர் இல்லை. அப்பா மேலும் எனக்கு ஆத்திரம் இல்லை. அப்பா என்னைக் கேட்கவே இல்லை, அதனால் ஏமாற்றவும் இல்லை. அவள் கேட்டாள். எந்தக் கையால் என்பது வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து அன்பாகக் கேட்டாள், பாவி. அதுதான் இன்றைக்கும் அடங்கவில்லை.

அன்று பகடையை மூடினாளே, என் படகுக்காரி ஜெயிப்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை என்றுதான் நினைத்தேன். கண் கலங்கிவிட்டது எனக்கு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா" என்றுகூடச் சொன்னேன்.