ஒன்பதாவது ரேடியேட்டர்

கார்மேகம் முட்டிக்கால் போட்டிருந்தான். வலது கை திருகுச் சாவியால் ரேடியேட்டரின் கீழ் வால்வைக் கால் சுற்று மூடியது. இடது கை விரல்களின் பின்புறம் குழாயின் மேல் இருந்தது. காய்த்துப்போன உள்ளங்கைக்குச் சூட்டின் சின்ன வித்தியாசம் தெரியாது. புறவிரலுக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் தெர்மாமீட்டர்.

குவைத்தின் ஃபர்வானியாவில் தங்கியிருக்கும் கார்மேகத்துக்கு வருடம் முழுக்க ஏசி வேலை. ஜனவரிக் குளிரில் மட்டும் இது. பாய்லரில் காய்ந்த வெந்நீரை ரேடியேட்டர்களில் ஓடவிட்டுச் சூடாக்கும் வீடுகள் அங்கே கொஞ்சம்தான். மக்தூமின் வீடு அதில் ஒன்று. மொத்தம் ஒன்பது ரேடியேட்டர்.

காலையில் சர்வீசுக்கு வந்தவனைச் அங்கே சமைக்கும் பஞ்சவர்ணம் தன் அறைக்குக் கூப்பிட்டாள். துணி துவைக்கும் இடத்துக்குப் பின்னால், குழாய் போய் முடிகிற கடைசி அறை.

"இது எதுக்கு தம்பி இங்க நிக்குது? ஈரத்துணி போட்டாக்கூடக் காய மாட்டேங்குது. போன குளிருக்கு அடுப்படியிலதான் படுத்தேன்."

வால்வின் மூடியைக் கழற்றினான். முழுக்க அடைத்திருந்தது. மேலே சிவப்புப் பெயின்ட் பொட்டு. தான் அளவு வைத்த வால்வை வேறு யாராவது திருகினால் தெரிய வேண்டுமென்று அவன் வைக்கிற பொட்டு.

போன வருடம் மாடி அறைக்குச் சூடு போதவில்லை. வரைபடத்தில் இந்த அறை 'ஸ்டோர்' என்று இருந்தது. இதை அடைத்தால் தண்ணீர் மாடிக்குப் போகும் என்று அடைத்தான். கட்டில் கிடந்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"அடைச்சு வச்சிருக்கு. நான்தான்க்கா அடைச்சேன்."

"நீயா? ஒரு வருசமா அந்த பாய்லரைல்ல திட்டிக்கிட்டுக் கெடந்தேன், பாவம்!"

திறந்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் மாடி ஆறிவிடும், புகார் வரும், இன்னொருவன் வந்து இதையேதான் அடைப்பான். பாய்லரை ஒட்டியிருப்பது விருந்தினர் உட்காரும் திவானியா. வெந்நீரில் பாதி அங்கேயே சுற்றிவிடுகிறது. குறைப்பதென்றால் அங்கேதான் குறைக்க வேண்டும்.

மக்தூம் எகிறினார். "திவானியா கம்மியா? மாஃபி, முடியாது! மெஹ்மான் குளிர்ல உக்காரணுமா?"

"ஜன்னல் ரெண்டும் தெறந்திருக்கே, பாபா."

சூடு தாங்காமல் அவரே திறந்த ஜன்னல்கள்தான். மக்தூமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அச்சா, பண்ணு. மெஹ்மான் ஒருத்தர் குளிருதுன்னு சொன்னா கலாஸ், அவ்வளவுதான், பழையபடி தெறந்துடணும்."

திவானியாவில் அந்தக் கால் சுற்று அதற்காகத்தான். ஒன்பதாவதை முன்பே திறந்துவிட்டிருந்தான். இதை மூடிவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தான். ஒன்பதாவதற்குப் போய்த் தொட்டான். பச்சைத்தண்ணீர்தான். இன்னொரு கால் சுற்று. இப்போது ஹால் அதிகமாக இழுத்தது. அதைக் குறைத்தான். ஒன்பதாவதற்குத் தண்ணீர் ஓடியதும் மாடியில் சூடு குறைந்தது. அதை அரைச்சுற்று திறந்துவிட்டான். இப்படியே மூன்று முறை வீட்டைச் சுற்றி வந்தான். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

சாயங்காலம் நான்கு விருந்தினர் வந்தார்கள். கார்மேகம் வராந்தாவில் கருவிகளைத் துடைக்கிற சாக்கில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். யாரும் குளிரைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மக்தூம் மூடிவைத்த ஜன்னல்களை யாரும் திறக்கவில்லை.

பஞ்சவர்ணத்தின் அறைக்குப் போய், ஒன்பதாவது குழாயைப் புறவிரலால் தொட்டவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

பழைய பொட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்தான். வேலைத்தாளில் 'ஸ்டோர்' என்பதை அடித்து 'பஞ்சவர்ணம் அறை' என்று எழுதி, பேனாவோடு அவளிடம் நீட்டினான்.

"பாபாகிட்டல்ல வாங்கணும் கையெழுத்து?"

"அவர் மத்த எட்டுக்கும் போட்டுட்டாரு. இதுக்கு நீங்கதான்."

பஞ்சவர்ணம் முதலில் ரேடியேட்டரின் மேல் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அப்புறம்தான் பேனாவை வாங்கினாள்.